ஃபோர்ஸ் 136-உம் கரேன் மக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவில் ஜப்பானியர் பிடியிலிருந்த பகுதிகளுக்குள் இயங்கிய பிரிட்டிஷ் இரகசியப் படையான ஃபோர்ஸ் 136 பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பான எழுத்துத்தான், ஆனால் அந்த வேலைக்கு ஊரையும் உயிரையும் கொடுத்த, பர்மாவின் கிழக்கு மலைகளில் வாழும் இனத்தவரான கரேன் மக்கள் அதில் வழிகாட்டிகளாகவும் சுமைதூக்கிகளாகவுமே வந்துபோகிறார்கள்.

1942இல் பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது கரேன் மலையிலேயே தங்கிவிட்ட மேஜர் ஹ்யூ சீகிரிமுக்கு வெகுகாலம் இந்தியாவுடன் எந்தத் தொடர்பும் இல்லை. அவரைத் தேடி 1943இன் தொடக்கத்தில் முதலில் பாரசூட்டில் இறங்கியவர்கள் கரேன் வீரர்களே. ஆங்கிலேய அதிகாரி அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்துசேர்ந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்த சீகிரிமை மலைமக்கள் 'நெட்டைக்கால் தாத்தா' என்று அழைத்தார்கள். கரேன் உடை உடுத்தினாலும் அப்படியொரு வெள்ளையரை மறைத்துவைக்க ஊரே வாய்திறக்காமல் இருந்தாக வேண்டும்.

1944இன் தொடக்கத்தில் அவரைத் தேடிய ஜப்பானியர் ஊர்ப் பெரியவர்கள் உட்பட 270 கரேன்களைப் பிடித்தார்கள்; பலர் சித்திரவதைப்பட்டு மாண்டார்கள். மக்கள் படும் பாட்டை நிறுத்துவதற்காக மார்ச் மாதம் சீகிரிம் தாமே சரணடைந்தார். தம் கட்டளைக்குப் பணிந்தவர்களை விட்டுவிடும்படி அவர் ரங்கூனில் மன்றாடியும், செப்டம்பரில் அவரோடு கரேன் தோழர்களும் கொல்லப்பட்டார்கள். கட்டுரையில் இதற்கு இரண்டே வரிகள்!

இவ்வளவு இழந்த பிறகும் 1945 ஏப்ரலில் ஜப்பானிய 15ஆம் டிவிஷன், ரங்கூனுக்குச் செல்லும் வழியிலுள்ள தவுங்கு நகரை அடையாதபடி மலைப்பாதைகளில் பதுங்கித் தாக்கித் தாமதப்படுத்தியவர்கள் ஆயிரக்கணக்கான கரேன்கள்தாம். பிரிட்டிஷ் 14ஆம் படை தவுங்குவை முந்திப் பிடித்ததும், மே மாதத் தொடக்கத்திலேயே ரங்கூன் மீட்கப்பட்டதும் அந்தத் தாமதம் இல்லாமல் எளிதில் நடந்திருக்காது.

நம்மவர் இதைப் பேசத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1944 ஜனவரியில் நேதாஜி தம் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றினார்; சீகிரிம் சிறைப்பட்டிருந்த அதே நகரில் தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்திற்காகப் பணமும் பிள்ளைகளும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எதிர்த்தரப்பில் நின்ற மலைவாசிகள் பட்டதை எழுதுவது நேதாஜிக்குச் செய்யும் துரோகமும் ஆகாது.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருவதாக இருந்தால், கரேன் ஊர்களில் நடந்தவற்றை அதில் விரிவாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், யாங்கோன்.