கொர்ரம்ஷஹர் அட்டவணையில் அந்தப் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள்

ஈரானிய ஊர்களைப் பற்றித் தமிழில் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். கொர்ரம்ஷஹர் நகரைப் பற்றி உங்களில் ஒருவர் எழுதியதைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார். ஆனால் மக்கள்தொகை அட்டவணையில் 1986க்கு நேரே ஒரு சிறுகோடு, கீழே 'தரவு இல்லை' என்று குறிப்பு. அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அந்த இடத்தில் பூஜ்யத்தைப் பார்த்தால் அச்சுப்பிழை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அது பிழையில்லை. 1986 கணக்கெடுப்பில் அந்த ஊரில் குடியிருந்தவர்கள் 0.

பத்தாண்டுக்கு முன், 1976இல், அங்கே 1,40,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். காரூன் ஆறு அர்வந்த் ஆற்றில் கலக்கும் இடத்துத் துறைமுகம். எதிர்க்கரையில் ஈராக். 1980 செப்டம்பரில் ஈரான்-ஈராக் போர் தொடங்கியதும் ஒரு மாதத்துக்கு மேல் தெருத்தெருவாகச் சண்டை நடந்து, அக்டோபர் கடைசியில் நகரம் ஈராக்கிடம் வீழ்ந்தது. 'கொர்ரம்' என்றால் செழிப்பு, மகிழ்ச்சி. அந்த நாட்களில் மக்கள் ஊரின் பெயரையே கூனின்ஷஹர், இரத்த நகரம், என்று மாற்றிச் சொன்னார்கள். 1982 மே 24இல் ஈரான் அதை மீட்டது. ஆனால் மீண்டது ஊர் அல்ல, இடிபாடு. எதிர்க்கரையிலிருந்து குண்டு விழும் தூரத்தில் யார் குழந்தை குட்டியோடு குடியேறுவார்கள்? 1988இல் போர் ஓய்ந்த பிறகுதான் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். 1996இல் மறுபடி ஒரு லட்சம் தாண்டியது, 2006இல் 1,23,866, 2016இல் 1,33,097. நாற்பது ஆண்டு கழித்தும் பழைய எண்ணிக்கையை எட்டவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் பெஹ்ரூஸ் மொராதி என்ற போராளி ஊர் எல்லையில் ஒரு பலகை எழுதி வைத்தார்: 'கொர்ரம்ஷஹருக்கு வருக. மக்கள்தொகை 3 கோடியே 60 லட்சம்.' அன்றைய ஈரான் முழுவதன் மக்கள்தொகை அது. அந்தப் பலகையின் படத்தைப் பார்த்த பிறகு என்னால் அந்தச் சிறுகோட்டைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நிர்வாக வரலாற்றிலும் கொஞ்சம் கவனம் தேவை. 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இந்த ஊர் முகம்மரா. பனூ கஅப் அரபுக் குலத்தார் அமைத்தது. 1847 எர்சுரூம் உடன்படிக்கையில் உதுமானியர் இதைப் பாரசீகத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். அங்கே ஆண்ட ஷேக் கஸ்அலின் ஆட்சியை 1925இல், பின்னாளில் ஷாவான ரெசா கான் முடித்துவைத்த பிறகுதான் இன்றைய பெயர் நிலைத்தது. 1937-38இல் சட்டம் மாகாணங்களுக்கு எண்களைச் சூட்டியபோது இந்த ஊர் அடங்கிய கூசெஸ்தான் 'ஆறாம் மாகாணம்' ஆனது. பழைய நூலில் முகம்மரா என்றும் புதியதில் கொர்ரம்ஷஹர் என்றும் பார்த்து இரண்டு ஊராக எழுதிவிடாதீர்கள்.

ஷஹ்ரெஸ்தான் என்பது நம் வட்டம், மாவட்டம் போன்ற ஓர் அலகு. அதற்கும் கொர்ரம்ஷஹர் என்றே பெயர். 2016இல் அதன் மக்கள்தொகை 1,70,976. அந்த எண்ணை நகரத்துக்குப் போட்டால் ஒரே வரியில் 37,000 பேருக்கு மேல் கூடிவிடுவார்கள். ஆண்டைக் கவனியுங்கள்: ஈரானிய ஆவணத்தில் அவர்கள் நாட்காட்டிப்படி 1365 என்று இருப்பதுதான் நம் 1986.

அட்டவணையைத் திருத்தும்போது 1986க்கு நேரே 0 என்று இடுங்கள். பக்கத்தில் 'போர்' என்று ஒரு சொல் போதும்.

அன்புடன்,
உங்கள் வாசகர்