பேரனின் பாத்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் குட்டி பூவாளியைத் தூக்கிக் காட்டினானே, அன்றிலிருந்து என் மனசு உங்கள் தோட்டத்திலேயே கிடக்கிறது. டொராண்டோவில் பனி கரைந்து மண் தெரிகிறது என்றாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீ கேட்ட அவரை. போன வருஷம் வேலி முழுக்கக் கொடி ஓடியும் காய் பிடிக்காதது உன் தப்பில்லை, அம்மா. நம் அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூவெடுக்கும். இங்கே ஆடியில் ஊன்றினால் மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. அங்கே ஜூனில் பகலே 15 மணி நேரத்துக்கு மேல். அது பூக்கத் தொடங்கும்போது உறைபனி வந்துவிடும். விட்டுவிடு.

கத்தரி, மிளகாய் நாற்றை மே மாதம் அங்கே வரும் விக்டோரியா தின விடுமுறை வரைக்கும் ஜன்னலோரத்திலேயே வைத்திரு. அப்புறமும் ஒரு வாரம் பகலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வைத்துப் பழக்கிவிட்டு நடு. வெண்டைக்கு மண் நன்றாகச் சூடேற வேண்டும். ஆனால் ஐந்து வயசுப் பிள்ளை அதுவரை காத்திருக்குமா? அவனுக்கு இப்போதே முள்ளங்கி விதையைக் கொடு. குளிர்ந்த மண்ணிலும் முளைக்கும், ஒரு மாதத்தில் பிடுங்கலாம். இடையில் ஒரு தொட்டியில் வெந்தயம் தூவட்டும். வீட்டுக்குள் வைத்தால் மூன்று நாலு நாளில் தலை தூக்கும். விதைத்தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு சில முளைகள் எழும்பும், அதை அவனுக்குக் காட்டு.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். உனக்கு அப்போது அவன் வயசு. கிணற்றடியில் நீயே கொத்தவரை ஊன்றினாய், ஒரே குழியில் பத்து விதை. நீ தூங்கிய பிறகு நான் எல்லாவற்றையும் தோண்டி, கயிறு பிடித்து வரிசையாக ஊன்றினேன். முளை வந்ததும் உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இது என்னோடது இல்லப்பா" என்று உள்ளே போய்விட்டாய். அந்த வருஷம் முழுக்க நீ கிணற்றடிக்கு வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. தப்பு என்னுடையது.

அதனால் அவன் பாத்தியில் கை வைக்காதே. விதையைக் குவித்துப் போட்டாலும் சரி, முளைத்ததா என்று தினமும் நோண்டினாலும் சரி. நெருக்கமாக வந்தால் எதைப் பிடுங்கலாம் என்று அவனையே கேள். பிடுங்கிய முள்ளங்கி இலையைப் பருப்போடு கடைந்து போட்டால் அவனே சாப்பிடுவான்.

பள்ளி விடுமுறைக்கு ஜூலையில் வருகிறீர்கள் அல்லவா? ஆடிப்பட்டம் அப்போதுதான் தொடங்கும். கிணற்றடியில் ஒரு பாத்தியைக் கொத்திச் சாணி எரு போட்டு வைக்கிறேன், விதை ஊன்ற மாட்டேன். அவரை விதை அம்மாவின் டப்பாவில், சாம்பலில் புரட்டியபடி பத்திரமாக இருக்கிறது. எத்தனை குழி, குழிக்கு எத்தனை விதை என்பதெல்லாம் அவன் வந்து சொல்லட்டும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குட்டிக்கு முத்தங்கள்.

அன்புடன்,
அப்பா