கோலி ஸ்டாப்பருக்கு எழுதுவது

மன்னார்குடி
24.8.2025, ஞாயிறு

அன்புள்ள ஸ்டாப்பர்,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பதினொரு நிமிஷம்! சிங்கப்பூர் ரயிலில் போய்க்கொண்டே பேசியிருக்கிறாய், நடுவில் தமிழ் அறிவிப்புகூடக் கேட்டது. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் கடைசி இடத்து அணியைக் கீழ் லீக்குக்கு இறக்கக் கூடாது என்கிறாய், 2023-ல் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக் ஏமாற்று வேலை என்றும் இன்னும் சொல்கிறாய். பதிலுக்கு நானும் பேசி அனுப்பலாம் என்று இரண்டு தடவை முயன்று பார்த்தேன். பேசினால் கோபம் வருகிறதே தவிர விஷயம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஊர்ச் செய்தி முதலில். இந்த வருஷம் மேட்டூர் சொன்ன தேதியில், ஜூன் 12-லேயே திறந்துவிட்டார்கள். குறுவை கதிர் வாங்கிவிட்டது. சம்பாவுக்கு 1009 ரக நாற்று விட்டிருக்கிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள், உன்னைக் கேட்டாள். என் இடது முட்டிதான் மாடிப்படி ஏறும்போது பம்ப்செட் மாதிரி சத்தம் போடுகிறது. அவ்வளவுதான்.

இனி நம்ம சமாசாரம். போன ஞாயிறு அதிராம்பட்டினம் பக்கம் ஒரு தொடர் போட்டிக்கு நம்ம பையன்களைக் கூட்டிப்போயிருந்தேன். கயிறு கட்டிய மைதானம், மைக்கில் நன்கொடையாளர் பேர் வாசிப்பு, ஜெயித்தால் கோப்பையோடு ஒரு கிடா. எதுவும் மாறவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருக்கிறோம், முடிய ஐந்து நிமிஷம். நம்ம கீப்பர் பையன் (இப்போதெல்லாம் கோலி என்றால் பிள்ளைகள் கிரிக்கெட்காரரை நினைக்கிறார்கள், அதனால் கீப்பர்) பக்கவாட்டிலிருந்து வந்த ஒரு கிராஸை அழகாகப் பிடித்தான். பிடித்ததும் நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தான். பந்தின் மேல் படு, மூச்சு வாங்கு, மெதுவாக எழு, நாலு பக்கமும் பார், அப்புறம் உதை. நீயும் நானும் எத்தனை மேட்ச்சை இப்படிக் கழித்திருக்கிறோம்!

அவன் எழுந்து நிற்கும்போது ரெஃப்ரி கையைத் தூக்கி விரல்களைக் காட்டினார். ஐந்து, நாலு, மூணு என்று ஒவ்வொன்றாக மடக்குகிறார். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்க்கிறான். எனக்கும் ஒரு நொடி புரியவில்லை. விசில். எதிர் அணிக்குக் கார்னர். அந்தக் கார்னரிலேயே தலையால் முட்டி கோல். டைபிரேக்கரில் தோற்றோம். கிடா காரைக்கால் வண்டியில் ஏறிவிட்டது.

கயிற்றைத் தாண்டி ஓடினேன், உனக்குத்தான் என்னைத் தெரியுமே. ரெஃப்ரி சின்னப் பையன். நிதானமாக, "அண்ணே, ஜூலை 1-லேர்ந்து சட்டம் இதுதான். எட்டு விநாடிக்கு மேல கையில வச்சிருந்தா கார்னர். கடைசி அஞ்சு விநாடியை நான் கையில எண்ணிக் காட்டணும், காட்டிட்டேன்" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. படித்திருந்தேன், ஆனால் லண்டன் மேட்ச்சுக்குத்தான் அது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது பட்டுக்கோட்டை வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம்தான் யோசனை. பழைய சட்டம் என்ன? ஆறு விநாடி. மீறினால் பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே எதிரிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். நம் ஆயுசில் அதற்கு எவனாவது விசில் ஊதிப் பார்த்திருக்கிறாயா? சோம்பேறித்தனத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கோலையே தூக்கிக் கொடுப்பதா என்று ரெஃப்ரிக்கே மனசு வராது. தண்டனை பெரிசு, அதனால் யாருக்கும் கிடைக்கவில்லை. இப்போது ஆறை எட்டாக்கி, தண்டனையைக் கார்னராகக் குறைத்தார்கள். ஊதுகிறார்கள். என் பையன் இனி ஜென்மத்துக்கும் எட்டு விநாடியைத் தாண்ட மாட்டான். செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சியில் அவனே எண்ணிக்கொண்டு உதைத்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீ கேட்ட கேள்விக்கு எனக்கு இதில்தான் பதில் கிடைத்தது. ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடத்து அணியைக் கீழே இறக்கினால் கிளப்புகள் செத்துப்போகும், அதனால் இறக்கக் கூடாது என்கிறாய். சிங்கப்பூரில் இருப்பதால் உனக்கு அப்படித் தோன்றுகிறது. உங்கள் லீக்கில் 1996-லிருந்து கீழே இறக்குவதே கிடையாதே!

ஐ.எஸ்.எல்.லில் ஆடும் நம்ம 'சென்னையின் எஃப்.சி.' கிளப்பைப் பார். 2018 மார்ச்சில் பெங்களூருவில் போய், அவர்கள் கேப்டன் சேத்ரி கோல் அடித்த பிறகும் 3-2 என்று கோப்பையைத் தூக்கினோம். நம்ம மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரிலும் எம்பி முட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த சீசன் என்ன ஆச்சு? பத்து அணியில் பத்தாவது. 18 மேட்ச்சில் இரண்டே வெற்றி. சாம்பியனாக இருந்து ஒரே வருஷத்தில் அடிமட்டம். இங்கிலாந்தில் இப்படி ஒரு கூத்து நடந்திருக்கிறது. 1937-ல் மான்செஸ்டர் சிட்டி சாம்பியன், 1938-ல் கீழ் டிவிஷனுக்குப் போனார்கள். அதுவும் அந்த சீசனில் அந்த டிவிஷனிலேயே அதிக கோல் அடித்தவர்கள் அவர்கள்தான்! எண்பது கோல் அடித்தவனுக்கே இரக்கம் காட்டவில்லை. நமக்கு? ஒன்றுமில்லை. அதே கோச் ஜான் கிரிகரியோடு அடுத்த சீசனையும் தொடங்கினோம். பாதியில் ஓவன் காயில் கோச்சாக வந்துதான் ஃபைனல் வரைக்கும் இழுத்துப்போனார். அந்த ஃபைனலையும் கொரோனா வந்து ஆளில்லாத மைதானத்தில் ஆட வைத்தது. சரி, அது விதி.

ஆனால் அதற்குப் பிறகு செய்தது விதி இல்லை. காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2022-ல் ஜாம்ஷெட்பூர் லீக்கில் முதலிடம் வந்து ஷீல்டு ஜெயித்தது. நாம்? 2020-21-ல் எட்டாம் இடம், 2021-22-ல் எட்டாம் இடம், 2022-23-ல் எட்டாம் இடம். ஒவ்வொரு சீசனையும் ஒரு புதுக் கோச்சோடு தொடங்கினோம், இடம் மட்டும் மாறவில்லை. அப்புறம் காயிலையே திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் ஆறாவது, போன சீசன் பதினொன்றாவது. மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய், பெரியமேடு ஸ்டேடியத்தில் மஞ்சள் லைட்டில் மேட்ச் பார்த்துவிட்டு, எழும்பூருக்கு ஓடிவந்து திரும்ப ஏறுகிறவனுக்குத்தான் அந்தப் பதினொன்றாவது இடம் வலிக்கிறது. முடிவெடுத்தவர்களுக்கு வலிக்க வேண்டிய அவசியமே இந்த லீக்கில் இல்லை.

இன்னொரு பக்கம் பார். 2019 மார்ச்சில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி என்ற இன்னொரு கிளப் ஐ-லீக் (ஐ.எஸ்.எல்.லுக்கு அடுத்த லீக்) கோப்பையை ஜெயித்தது. பெட்ரோ மான்ஸி மட்டும் 21 கோல். தமிழ்நாட்டுக்கே முதல் தடவை. அவர்களுக்கு மேலே போக வழி இல்லை. அதே சீசனில் மேலே கடைசியில் வந்த நமக்குக் கீழே போக வழி இல்லை. ஒரே மாநிலத்தில் இரண்டு கிளப். கடைமடைக்காரன் விளைச்சலைக் காட்டுகிறான், தண்ணீர் என்னவோ தலைமடைக்குத்தான். 'சென்னையின் எஃப்.சி.' ரசிகன் நான், அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது, தெரியுமா?

சட்டம் இல்லாமலும் இல்லை. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் நம்ம சங்கமும் கோலாலம்பூரில் உட்கார்ந்து எழுதினார்கள். முதலில் இரண்டு வருஷம் ஐ-லீக் சாம்பியன் மேலே வரட்டும், 2024-25-லிருந்து கீழே இறக்குவதும் சேர்ந்துகொள்ளட்டும் என்று. மேலே வந்தார்கள், முதலில் பஞ்சாப், அடுத்து முகமதன் ஸ்போர்ட்டிங். முகமதன் வந்த சீசனிலேயே 13 புள்ளியோடு கடைசி. இறங்கினார்களா? இல்லை. ஆறு விநாடிச் சட்டம் போலத்தான் இதுவும். தாளில் இருக்கும், விசில் வராது.

ஏன் வராது என்றால், நீ சொன்ன காரணம்தான். அதில் உன்னோடு சண்டை இல்லை. கீழே போனால் டிவி இல்லை, விளம்பரம் இல்லை, சம்பளம் கொடுக்க முடியாது. மரண தண்டனையை யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். அப்படியானால் தண்டனையைக் குறை, ஆனால் கண்டிப்பாகக் கொடு. ஜெர்மனியில் பார், கடைசி இரண்டு பேர் நேராகக் கீழே. அவர்களுக்கு முந்தின 16-வது அணி மட்டும், இரண்டாம் டிவிஷனில் மூன்றாவது வந்தவனோடு உள்ளூரிலும் வெளியூரிலும் ஒவ்வொரு மேட்ச் ஆடி ஜெயித்தால்தான் மேலே இருக்கலாம். இங்கே அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஐ.எஸ்.எல். கடைசி அணியும் ஐ-லீக் இரண்டாவது அணியும் இரண்டு மேட்ச். அந்த இரண்டு மேட்ச்சுக்கு எவ்வளவு கூட்டம் வரும், யோசித்துப் பார். ஃபைனலைவிட அதற்குத்தான் நான் டிக்கெட் எடுப்பேன். காலித் ஜமீல் கோச்சாக இருந்து ஜெயித்த ஐஸால் கிளப்பை மறந்துவிட்டாயா? 2016-ல் ஐ-லீக்கில் கீழே போனவர்கள், கோவா கிளப்புகள் விலகியதால் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டு, மறு வருஷமே கோப்பை. விளிம்பில் நின்று பார்த்தவனின் ஆட்டம் அது. அந்த மனுஷனைத்தான் இந்த மாசம் இந்தியக் கோச்சாகப் போட்டிருக்கிறார்கள். இந்த வருஷம் எடுத்த முடிவுகளில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

இப்போது லீக்கே நடக்குமா என்று தெரியாதபோது இதெல்லாம் எதற்கு என்பாய். லீக்கை நடத்துவதற்கு அடிப்படையாக 2010-ல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் இந்த டிசம்பரோடு முடிகிறது, ஜூலையிலேயே சீசனை நிறுத்திவைத்துவிட்டார்கள். கீழே ஐ-லீக்கின் லட்சணம் இன்னும் பிரமாதம். ஏப்ரலில் சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன், கோப்பையும் கொடுத்தாகிவிட்டது. ஜூலையில் சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டுத் தீர்ப்பாயம் சொல்லி இண்டர் காசி சாம்பியன். தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியதாக எழுந்த புள்ளி வழக்கு. நம்ம ஊர்த் தொடரில் இப்படி என்றால் கிடாவை எப்போதோ வெட்டித் தின்றிருப்பார்கள், தீர்ப்பு வந்து என்ன செய்ய?

அப்புறம், 2023 பெங்களூரு-கேரளா பிளாஸ்டர்ஸ் மேட்ச் விஷயத்தை நீ இன்னும் விடவில்லை. 96-வது நிமிஷம், தடுப்பாட்டக்காரர்கள் வரிசையாகச் சுவர் கட்டி நிற்கும் முன்னாலேயே சேத்ரி ஃப்ரீ கிக்கைப் போட்டார், அது ஏமாற்று வேலை, பிளாஸ்டர்ஸ் மைதானத்தைவிட்டு வெளியேறியது நியாயம் என்கிறாய். நியாயமே இல்லை, மாப்ள. விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்ததாக சேத்ரி சொன்னார். தப்பு செய்தவன் சுவர் கட்டி முடிக்கும்வரை தப்புக்கு ஆளானவன் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பிளாஸ்டர்ஸ் கோச் வுகோமனோவிச்சுக்குப் பத்து மேட்ச் தடை, கிளப்புக்கு நாலு கோடி அபராதம். அது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நீ ஏன் இதில் இவ்வளவு சூடாகிறாய் என்று எனக்குத் தெரியும். 1997, மாவட்டப் போட்டி அரையிறுதி. இருபது கெஜத்தில் ஃப்ரீ கிக். நான் இடது போஸ்டைக் கட்டிக்கொண்டு, "ஸ்டாப்பர், இன்னும் ஒரு அடி வலது" என்று கத்துகிறேன். நீ என் பக்கம் திரும்புகிறாய். பந்து மெல்ல உருண்டு வலது மூலையில் போய் நின்றது. வலையில்கூட மோதவில்லை. பிடி மாஸ்டர் உன்னைத்தான் திட்டினார், "பந்துக்கு முதுகைக் காட்டுவியா" என்று. ஊர் முழுக்க உன்னைத்தான் சொன்னது.

ஸ்டாப்பர், ரெஃப்ரி உதைக்க நின்ற எதிர் அணிக்காரனிடம் விசில் வேண்டுமா என்று கேட்டதையும் அவன் வேண்டாம் என்று தலையாட்டியதையும் நான் பார்த்தேன். உங்கள் தலைகளுக்கு நடுவே நன்றாகத் தெரிந்தது. பார்த்தும் சுவரை நகர்த்திக்கொண்டிருந்தேன், இன்னும் ஒரு அடி நகர்ந்தால் சரியாகிவிடும் என்று. மாஸ்டர் உன்னைத் திட்டும்போது கையுறையைக் கழற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன். இதை நேரில் சொல்ல எனக்கு வராது. வாய்ஸ் மெசேஜில் நிச்சயம் வராது.

சரி. அக்டோபர் 9 உங்கள் ஊரில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா ஆடுகிறது. டிக்கெட் எடுத்துவிட்டாயா? இரண்டு மேட்ச்சில் நமக்கு ஒரே ஒரு புள்ளி, சிங்கப்பூருக்கு நாலு. குரூப்பில் முதலாவது வருகிறவன்தான் ஆசியக் கோப்பைக்குப் போவான். ஹாங்காங்கில் கடைசி நிமிஷத்தில் நம்ம கீப்பர் விஷால் கெய்த் வெளியே வந்து பந்தைக் குத்தப்போய் ஆளைக் குத்தி பெனால்டி கொடுத்தாரே, எல்லோரும் திட்டினார்கள். நான் திட்டவில்லை. வெளியே வருவது என்று முடிவெடுத்தால் பாதி வழியில் நிற்கக் கூடாது, அவர் நிற்கவில்லை. ஒரு தப்படி தாமதம், அவ்வளவுதான். முடிந்தால் போஸ்டுக்குப் பின்னால் சீட் எடு. டிவியில் காட்டவே மாட்டார்கள், கார்னர் வரும்போது நம்ம கீப்பர் எங்கே நிற்கிறார், போஸ்டை ஒட்டியா, ஒரு எட்டு முன்னாலா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் கோலி

பி.கு.: பொங்கலுக்கு வரும்போது அந்தப் பையனுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கி வா. அளவு 8. போன தடவை மாதிரி 10 வாங்கி வந்துவிடாதே, அதை இப்போது என் தம்பி தேன்கூடு எடுக்கப் போட்டுக்கொள்கிறான்.