மேசையைத் தட்டிச் சொன்னாயே, அதற்குப் பதில்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதத்துக்கு இத்தனை மாதம் பதில் போடாமல் இருந்துவிட்டேன். திட்டுவதானால் திட்டிவிடு. இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? பெரியவர் இன்னும் திண்ணையை விட்டு இறங்கவில்லையா?

ஒரே அரசின் கீழ் இருந்தவர்கள் ரத்தம் சிந்தாமல் பிரிந்ததாகச் சரித்திரமே இல்லை என்று சங்க அலுவலகத்தில் மேசையைத் தட்டினாயே, சுவீடனையும் நார்வேயையும் என்ன செய்வாய்? 1814 முதல் இரண்டுக்கும் ஒரே அரசர். நாடாளுமன்றமும் ராணுவமும் தனித்தனி. வெளியுறவு மட்டும் சுவீடன் கையில். நார்வேக்கோ கடலெங்கும் கப்பல்கள். அயல்நாட்டுத் துறைமுகங்களில் தனக்கென்று துணைத் தூதரகங்கள் வேண்டும் என்று கேட்டது.

1905 மே மாதம் நார்வே நாடாளுமன்றம் அதற்குச் சட்டமே இயற்றியது. அரசர் இரண்டாம் ஆஸ்கர் ஒப்புதல் தர மறுத்தார். நார்வே அமைச்சர்கள் பதவி விலகினார்கள். வேறு அமைச்சரவை அமைக்க வழியில்லை, விலகலை ஏற்கமாட்டேன் என்றார் அரசர். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது! நாட்டுக்கு அரசாங்கம் அமைத்துத் தர முடியாதவர் அரசராகச் செயல்படவில்லை. அவர் அரசராக இல்லையென்றால், ஒரே அரசர் என்ற இணைப்பும் இல்லை. ஜூன் 7 அன்று நார்வே நாடாளுமன்றத்தில் இப்படியே தீர்மானம் நிறைவேறியது. சங்க விதிகளைக் கரைத்துக் குடித்தவன் நீ, இதை ரசிக்காமல் இருந்துவிடுவாயா?

ஆகஸ்டில் மக்கள் வாக்கெடுப்பு. பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 பேர், எதிராக வெறும் 184 பேர். வாக்குரிமை இல்லாத பெண்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகுதான் எனக்கு நெஞ்சு படபடத்தது. எல்லையின் இருபுறமும் படைகள். சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் இரு நாடுகளும் நடத்திய பேச்சுவார்த்தை முறியும் நிலைக்குப் போனது. ஆனால் சுவீடன் தொழிலாளர்கள் அண்டை நாட்டான்மீது துப்பாக்கி தூக்கத் தயாராக இல்லை. படைக்கு அழைத்தால் போகாதீர்கள் என்று அறிக்கை எழுதிய சுவீடன் சோஷலிஸ்ட் செட் ஹோக்லுண்ட் சிறைக்கே போனார். நீயும் நானும் கேட்டை மறித்து நின்ற காலத்தில் இந்தப் பெயர் நமக்குத் தெரியாமல் போனதே என்று எனக்கு ஆற்றாமை.

நார்வேயும் விட்டுக்கொடுத்தது. எல்லையில் புதிதாகக் கட்டிய அரண்களைத் தானே இடிக்க ஒப்புக்கொண்டது. மானம் போயிற்று என்று அங்கே பலர் கொதித்தார்கள். எனக்கு அதுதான் பெரிய துணிச்சலாகப் படுகிறது. அக்டோபரில் ஆஸ்கர் நார்வே மீதான உரிமையைத் துறந்தார், போர் வரவேயில்லை.

இனி உன் முறை. சமாதானமாக ஒத்துக்கொண்டு நாலு வரி எழுதி அனுப்பாதே, சண்டைக்கு வா.

அன்புடன்,
சுந்தரம்