முதல் வாய்த் தண்ணீருக்கு முன்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பக்கவாதம் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே ஓடிவர வேண்டும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு என்பதை எத்தனை முறை எழுதினாலும் தகும். ஆனால் கட்டுரை ஊசியோடு முடிந்துவிட்டது. அரசு மருத்துவமனை நரம்பியல் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கெடு தாண்டி வந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டவரானாலும் போடாதவரானாலும், எழுந்து நடப்பதும் படுக்கையிலேயே கிடப்பதும் அதற்குப் பிறகான பராமரிப்பைப் பொறுத்தது.

நோயாளி கண் திறந்ததும் வீட்டார் முதலில் செய்வது வாயில் எதையாவது ஊற்றுவது. “தொண்டை வறண்டு கெடக்கு சிஸ்டர், ஒரு மடக்கு காப்பி குடுக்கட்டா?” என்று கேட்பவர்கள் உண்டு, கேட்காமலே கொடுத்துவிடுபவர்கள்தான் அதிகம். கை கால் விழும்போது தொண்டைத் தசையும் வலுவிழந்திருக்கலாம். அப்போது அந்தக் காப்பி இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சிலருக்கு இருமல்கூட வராது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. அடுத்த ஓரிரு நாளில் காய்ச்சல், மூச்சிரைப்பு, நிமோனியா. “நேத்து நல்லாத்தானே முழிச்சுப் பார்த்தாரு” என்று வராந்தாவில் நின்று அழுவார்கள்.

இதைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நினைவு தெளிவாக இருக்கும் நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுக்க வேண்டும். குரல்வளை ஏறி இறங்குகிறதா, இருமல் வருகிறதா, பிறகு “ஆ” என்று சொல்லச் சொன்னால் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில டீஸ்பூன் ஒழுங்காக இறங்கிய பிறகுதான் டம்ளர். பயிற்சி பெற்ற செவிலியருக்குச் சில நிமிட வேலை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்தது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் முதல் 72 மணி நேரம் செவிலியர்கள் முறைப்படி கவனித்த பிரிவுகளில், 90 நாள் கழித்து இறந்தவர்களும் பிறர் துணையில்லாமல் இயங்க முடியாதவர்களும் சேர்ந்த எண்ணிக்கை குறைவாக இருந்தது. 2011இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது. புது மருந்து ஒன்றும் இல்லை, முறையான செவிலியம் மட்டுமே! விழுங்கும் சோதனை முடியும்வரை வாய்வழி எதுவும் தரக்கூடாது என்பது நம் வார்டுகள் ஒவ்வொன்றிலும் கட்டாய விதியாக வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு நடப்பது இன்னும் கவலை தருகிறது. பீடி சுற்றும் தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரைத் தூக்கி உட்காரவைக்க விழுந்த கையைப் பிடித்து இழுத்தார். தசைப் பிடிப்பில்லாத தோள் அப்படி இழுத்தால் மூட்டிலிருந்து இறங்கிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வலி, வலிக்குப் பயந்து பயிற்சிக்கும் ஒத்துழைக்க மாட்டார். இடுப்பில் துண்டைக் கட்டி அதைப் பிடித்து எழுப்பிக் காட்டினேன். “இத ஒருத்தரும் சொல்லலியே, சிஸ்டர்” என்றார். ஏர் பெட் வாங்கிவிட்டதால் புரட்டிப் போட வேண்டியதில்லை என்றும் நினைத்திருந்தார். முதுகடியில் தோல் சிவந்திருந்தது, விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணுக்கு அதுதான் தொடக்கம். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டத்தான் வேண்டும். புறா ரத்தம் தடவச் சொல்ல அந்தத் தெருவில் பத்துப் பேர் இருந்தார்கள். மூக்கு வழியாக உணவு செலுத்தும் டியூபில் ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்த வேண்டும், ஊற்றியதும் படுக்கவைத்துவிடக் கூடாது என்று சொல்லித்தர ஒருவர் இல்லை.

டிஸ்சார்ஜுக்கு முன் வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும் என்பார்கள். கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும், வாயால் சொன்னால் போதாது, செவிலியர் பக்கத்தில் நிற்க அவர்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். ஆனால் சுமை முழுவதையும் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட முடியாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் வீட்டாருக்கு மறுவாழ்வுப் பயிற்சி தந்து பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கும் வீட்டார் பயிற்சி பெற்ற நோயாளிகளுக்கும் இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்கே பயிற்சி பெற்ற கை தொடர்ந்து வரவேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதற்கான வழி நம் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் நோய் ஆதரவுச் செவிலியரும் வீடு தேடி வருகிறார்கள். பக்கவாத நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே வார்டிலிருந்து அந்த வட்டாரச் செவிலியருக்குத் தகவல் போக வேண்டும். முதல் வாரத்துக்குள் அவர் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்: டியூப், தோல், தோள், ரத்த அழுத்தம். மனநிலையையும்தான், பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பேச்சு போனவரிடம் காது கேளாதவரிடம் கத்துவதுபோல் கத்துவதையும், அவர் எதிரிலேயே அவரைப் பற்றி விவாதிப்பதையும் வீட்டார் நிறுத்தினாலே அவருக்குப் பாதித் தெம்பு வரும்.

இத்தனைக்கும் ஆள் வேண்டும். இரவுப் பணியில் ஒரே செவிலியர் வார்டு முழுவதையும் பார்க்கும்போது டீஸ்பூன் தண்ணீர் சோதனைக்கு நேரம் எங்கிருந்து வரும்? காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லித் தங்கள் இதழ் எழுத வேண்டும். அடுத்த கட்டுரைக்கு மருத்துவர்களோடு, இப்போது வார்டில் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவரிடமும் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.