பெனால்டியை யார் அடிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டி முடிவுகள் விளையாட்டுப் பக்கத்தில் வரும்போது 'டைபிரேக்கரில் வெற்றி' என்ற வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஆட்டம் சமனில் முடிந்தால் இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி அடித்து வெற்றியைத் தீர்மானிப்பதுதான் டைபிரேக்கர். தோற்ற அணியும் நேரம் சரியில்லை, அதிர்ஷ்டம் இல்லை என்று ஆறுதல் தேடிக்கொள்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் மோதும் ஆட்டங்களைக் கோட்டோரம் நின்று கவனிப்பவர்களுக்குக் காரணம் வேறு என்று தெரியும். நின்ற பந்தை யார் உதைப்பது, எங்கே உதைப்பது என்று பயிற்சியாளர் முன்கூட்டியே முடிவு செய்யாமல் விடுவதால்தான் பாதி ஆட்டங்கள் கைநழுவுகின்றன.

2018 ரஷ்ய உலகக் கோப்பையில் விழுந்த 169 கோல்களில் 73 கோல்கள் பெனால்டி, பிரீ கிக், கார்னர் போன்ற நின்ற பந்துகளிலிருந்து வந்தவை. பத்துக்கு நான்கு என்ற கணக்கு. நம் கல்லூரிப் பயிற்சியில் இதற்குக் கிடைப்பது கடைசிப் பத்து நிமிடம். ஆளுக்கொரு பந்தை எடுத்துக் கோலை நோக்கி அடித்துவிட்டுக் கலைகிறார்கள். அதைப் பயிற்சி என்று சொல்ல மனம் வரவில்லை.

நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கேப்டன், மூன்றாமாண்டு சீனியர், ஃபவுல் வாங்கிய பையன் என்று மூன்று பேர் பந்துக்குப் போவார்கள். கடைசியில் சீனியர் கையில் பந்து இருக்கும். அங்கே சீனியாரிட்டிக்கு வேலையே இல்லை. முதலில் அடிப்பவர் யார், அவர் வெளியேறிவிட்டால் அடுத்தவர் யார் என்று ஆட்டத்தன்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பெயர்களைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் போதும். ஓடிக் களைத்த கால்களோடு, பயிற்சியின் முடிவில் ஆளுக்கு ஐந்து பெனால்டி. கோலின் எந்த மூலை, உள்ளே போனதா, கீப்பர் பிடித்தாரா, வெளியே போனதா என்று ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். கீப்பர் தடுத்ததும் கம்பத்துக்கு வெளியே போனதும் ஒன்றல்ல. வெளியே அடிப்பவரை அவர் எவ்வளவு பெரிய ஸ்ட்ரைக்கராக இருந்தாலும் பட்டியலில் கீழே இறக்க வேண்டும். ஒரே மூலையில் தாழ்வாக, வேகமாக, பத்துக்கு ஒன்பது முறை வைக்கிற டிஃபெண்டர் கிடைத்தால் அவரே முதல் ஆள்.

பந்து கம்பிக்கு மேலே பறப்பதற்குப் பதற்றத்தை மட்டும் குறை சொல்லக்கூடாது. நம் மண் மைதானங்களில் இரண்டு ஆட்டம் முடிந்தாலே பெனால்டி புள்ளி குழியாகிவிடும். பந்து அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். பாதம் பந்தின் நடுவில் படாமல் அடியில் நுழையும். உடல் கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் போதும், பந்து மேலே ஏறிவிடும். குழியைத் தவிர்க்கப் பந்தைத் தள்ளி வைக்கவும் வழியில்லை, பந்தின் ஒரு பகுதியாவது புள்ளியின் மையத்தின்மேல் இருக்க வேண்டும் என்பது 2024 முதல் விதி. எனவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் ஒரு சட்டி செம்மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு கட்டையால் இடித்துச் சமப்படுத்துவது போட்டி நடத்துபவர்களின் கடமை. ஆட்டக்காரர் கவனிக்க வேண்டியது ஊன்றுகாலை. பந்துக்கு ஒரு சாண் பக்கத்தில் அது ஊன்ற வேண்டும், பின்னால் தங்கக்கூடாது. ஊன்றுகால் வழுக்கி, தற்செயலாகப் பந்து இரண்டு காலிலும் பட்டுக் கோலானால் திரும்ப அடிக்கச் சொல்வார்கள். இது 2025 ஜூலை முதல் நடைமுறை.

டைபிரேக்கருக்கு ஐந்து பேர் பட்டியல் போதாது, பதினொருவரையும் வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். ஆட்டம் முடியும்போது களத்தில் இருப்பவர்கள்தான் அடிக்க முடியும். ஆட்டம் சமனில் இருக்கும்போது, கடைசிப் பத்து நிமிடத்தில், நன்றாக அடிக்கிற ஆளை 'களைத்துவிட்டான்' என்று வெளியே எடுத்துவிட்டுப் பிறகு கையைப் பிசைகிற பயிற்சியாளர்கள் உண்டு.

மைதானத்தின் மூலையிலிருந்து உதைக்கும் கார்னருக்கு வருவோம். பெரிய லீக்குகளிலேயே நூறு கார்னருக்கு மூன்று நான்குதான் கோலாகிறது. ஆனால் நம் அணிகள் ஒவ்வொரு கார்னருக்கும் நடுவில் நின்று கோலைக் காக்கும் இரண்டு ஸ்டாப்பர்களையும் மேலே அனுப்பிவிட்டுப் பின்னால் ஒருவரை மட்டும் நிறுத்துகின்றன. பந்து வெட்டுப்பட்டால் அடுத்த பத்து வினாடியில் நம் கோலுக்குள். எதிரணி முன்னால் எத்தனை பேரை விட்டிருக்கிறதோ அதைவிட ஒருவர் கூடுதலாகப் பின்னால் நிற்க வேண்டும். கோலுக்கு முன்னுள்ள பெனால்டி கட்டமான பாக்ஸுக்கு வெளியே தெறித்து வரும் பந்துக்கென்றே இன்னொருவர் வேண்டும்.

உயரமான ஆளை செகண்ட் போஸ்டில், அதாவது உதைப்பவருக்குத் தூரமான கோல் கம்பத்தருகே, நிறுத்தித் தூக்கி அடி என்பதுதான் வழக்கமான உத்தரவு. பெரும்பாலும் பந்து முதல் டிஃபெண்டரையே தாண்டுவதில்லை. அதைத் தாண்டுகிற அளவு காலில் பழகும்வரை வேறு திட்டம் எதுவும் பயனில்லை. பழகிய பிறகு இரண்டே திட்டம் போதும். ஒரு கையைத் தூக்கினால் ஃபர்ஸ்ட் போஸ்ட், இரண்டு கையையும் தூக்கினால் செகண்ட் போஸ்ட். ஃபர்ஸ்ட் போஸ்டுக்கு உயரத்தைவிட வேகம் முக்கியம். முன்கூட்டியே போய் நிற்காமல், உதைப்பவர் ஓடிவரத் தொடங்கும்போது இவரும் ஓட வேண்டும். கல்லூரிக் கீப்பர்கள் கோட்டை விட்டு வெளியே வரத் தயங்குவார்கள். ஆகவே கோலை நோக்கி உள்ளே வளையும் பந்து நல்ல ஆயுதம். அதற்கு வலப்பக்கக் கார்னரை இடதுகாலாலும் இடப்பக்கக் கார்னரை வலதுகாலாலும் அடிக்க ஆள் வேண்டும். ஆடிக் காற்று எதிரே அடித்தால் இதே பந்து நடுவானில் நின்றுவிடும். அப்போது சின்னதாகத் தட்டி இரண்டு பேர் சேர்ந்து உள்ளே கொண்டுபோவதே சரி. 2019 முதல் டாஸ் வென்றவர் பக்கத்தையும் தேர்வு செய்யலாம், கிக் ஆஃபையும் தேர்வு செய்யலாம். பலத்த காற்று இருந்தால் பக்கத்தை எடுங்கள்.

பிரீ கிக்கைத் தடுக்க ஆட்களை வரிசையாக நிறுத்திச் சுவர் வைக்கும்போது கீப்பர் கம்பத்தருகே போய் நின்று ஆட்களை நகர்த்துவார். கோலின் மறுபாதி திறந்துகிடக்கும். விசிலுக்குக் காத்திருக்குமாறு நடுவர் சொல்லாதவரை எதிரணி உடனே உதைக்கலாம். சுவரை ஒழுங்கு செய்யும் வேலையைக் களத்தில் உள்ள ஒருவரிடம் ஒப்படைப்பது பாதுகாப்பு. கோலுக்கு நேரே இருபது மீட்டரில் நான்கு பேர், ஓரத்தில் இரண்டு பேர் போதும். பந்துக்கும் சுவருக்கும் இடையே தூரம் 9.15 மீட்டர்.

கோல் கிக்கை 2019 முதல் பாக்ஸுக்குள்ளேயே தட்டி ஆடலாம். டிவியில் பார்த்ததை மேடு பள்ளமான தரையில் செய்யப்போனால் பந்து துள்ளி எதிராளி காலுக்குப் போகும். தரையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் கடத்துவதும் இனி ஆபத்து. 2025 ஜூலை முதல் 8 வினாடியைத் தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 வினாடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார்.

ஏற்காட்டுக்கு ஆடப்போகும் அணிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு. நீளமாக அடித்த பந்து இன்னும் தள்ளிப் போய் விழும், வளைத்து அடித்த பந்து குறைவாக வளையும். கீழே காற்றடித்த பந்து மேலே போனதும் இறுகிவிடும். விதிப்படி பந்தின் அழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம்வரை இருக்கலாம். அங்கே போய் ஒருமுறை அளந்து சரிசெய்துகொண்டு, ஆட்டத்துக்கு முன் உதைப்பவர்கள் இருபது பந்தாவது அடித்துப் பார்க்க வேண்டும்.

உடற்கல்வி இயக்குநர்கள் வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம் இதற்கென்று ஒதுக்க வேண்டும். சுவருக்குப் பொம்மை வாங்கப் பணம் தேவையில்லை. ஆறடிச் சவுக்குக் கம்பும் சாக்கும் மணல் நிரப்பிய பெயின்ட் வாளியும் இருந்தால் போதும். உங்கள் செய்தியாளர்களும் முடிவை வெளியிடும்போது கோல் கார்னரில் வந்ததா, பிரீ கிக்கில் வந்ததா, டைபிரேக்கரில் எத்தனை பேர் வெளியே அடித்தார்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கால்பந்து ஆர்வலர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.