என் மகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறையவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், லூபஸ் என்ற நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதால் வருவது, அந்தச் சக்தியைக் கூட்டும் கஷாயம் குடித்தால் அடங்கிவிடும் என்று போட்டிருக்கிறீர்கள். படித்த அன்று மாலையே என் நாத்தனார் ஒரு பாட்டில் கஷாயத்தோடு வந்து நிற்கிறார். லூபஸ் உள்ள என் மகள் மாத்திரையை நிறுத்திவிட வேண்டுமாம். "பத்திரிகையிலேயே போட்டிருக்கே, அண்ணி!"

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் ஒன்பது வருஷமாக இந்த நோயோடு குடித்தனம் நடத்துகிற தாய் என்பதால் சொல்கிறேன். அவளுடைய எதிர்ப்புச் சக்தி குறையவில்லை, ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கிறது. செத்த செல்லிலிருந்து சிதறுகிற டிஎன்ஏவைக் குப்பையோடு குப்பையாக அள்ளிப் போடவேண்டியதுதானே? அவள் உடம்பில் பி செல் என்ற வெள்ளை அணு அதைப் பிடித்து, அதோடு ஒட்டியிருக்கிற புரதத்தின் துண்டை டி செல் என்ற இன்னொரு வெள்ளை அணுவிடம் காட்டுகிறது. கண்டுகொள்ளாமல் விடவேண்டிய டி செல், 'சரி, நடத்து' என்று தூண்டிவிடுகிறது. அப்புறம் பி செல் பெருகி, கிருமிக்கு எதிராகச் செய்யவேண்டிய ஆன்டிபாடி என்ற புரதத்தை, சொந்த டிஎன்ஏவுக்கு எதிராகவே செய்து தள்ளுகிறது. டிஎன்ஏவும் ஆன்டிபாடியும் ஒட்டிக்கொண்டதை வேறொரு வகை வெள்ளை அணு விழுங்கி, இன்டர்ஃபெரான் என்ற உசுப்பிவிடும் பொருளைச் சுரக்க, பி செல்லுக்கு இன்னும் வேகம். சிறுநீரகத்தில் போய்ப் படிந்து கெடுப்பதும் அந்த ஒட்டல்தான். இதைக் கூட்டவா ஐயா கஷாயம்?

முதல் தடவை இந்த நோய் தலைகாட்டியபோது எங்களுக்கே தெரியவில்லை. தீமிதிக்குப் பால்குடம் எடுத்து அரை நாள் வெயிலில் நின்றாள். கன்னம் இரண்டும் மூக்கை ஒட்டிச் சிவந்துவிட்டது. மேலே தனக்கா என்ற மரப்பட்டைக் குழைவைப் பூசியிருந்ததால் பத்து நாள் யார் கண்ணிலும் படவில்லை. ராத்திரி முகம் கழுவும்போது "எரியுதும்மா" என்றாள், விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்த மாதிரி இருந்தது. அம்மன் குற்றம் என்று சொல்லவும் ஆள் இருந்தார்கள். இன்று அந்த இடத்துக்கு உங்கள் பத்திரிகை வந்திருக்கிறது.

2020-இல் கொரோனாவுக்கு மலேரியா மாத்திரை என்று ஊரே ஓடியபோது, அவள் தினம் விழுங்குகிற அதே மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்காக ரங்கூனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். லூபஸ்காரர்களுக்கும் அதுதான் மருந்து என்று ஒரு வரி போடச் சொல்லி எழுதினேன். இடமில்லை போலிருக்கிறது. போன வருஷம் எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் தேங்குவதைப் பற்றி எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, நான் நன்றி சொன்ன மாதிரி ஆக்கினீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இப்போது கேட்பது இரண்டே வரி. லூபஸ் எதிர்ப்புச் சக்தி குறைவதால் வருவதல்ல. மருத்துவரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்தவேண்டாம். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். கஷாயப் பாட்டில் இன்னும் என் ஜன்னலில்தான் இருக்கிறது. திருத்தம் வந்ததும் அதை வெட்டி, பாட்டிலில் சுற்றி, நாத்தனாரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
சந்தா தவறாத ஒரு தாய்,
ரங்கூன்